பாட்டுக்கு எவ்வளவு கிராபிக்ஸ் வேண்டும்?



'காதலன்' படத்தில் வரும் முக்காபுலா பாட்டை டி.வி.யில் பார்க்காதவர்கள் நம் பள்ளியில் இருக்க மாட்டார்கள். பிரபுதேவாவின் தலை, கை, கால் எல்லாம் மறைந்துபோய் உடுப்பும் தொப்பியும் மட்டும் ஆடும். 1994-ல் வந்த அந்தப் படத்தின் கிராபிக்ஸுக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் அந்த வித்தை பாட்டு முழுக்க வராது, கடைசிப் பக்கம்தான் வரும். அதனால்தான் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

இப்போது போனிலேயே ஆளை மறைக்கலாம். பச்சைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்து, பச்சையாக இருப்பதை எடுத்துவிடு என்று ஆப்பில் சொன்னால் அந்த இடம் ஓட்டையாகிவிடும். ஓட்டையில் கடலையும் வைக்கலாம், நிலாவையும் வைக்கலாம். மனிதத் தோலில் அந்தப் பச்சை இல்லாததால்தான் பச்சைத் துணி. (என் தங்கச்சி பச்சைப் பாவாடையோடு நின்றாள். பாவாடையும் காணாமப் போச்சு!)

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு வண்ணாரப்பேட்டையில். மாமா எண்ணூரில் மீன் பிடிக்கிறார், நன்றாக கானா பாடுவார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் பரவியது அல்லவா, அதில் மாமாவின் வலை எல்லாம் பாழாகிவிட்டது. அதைப் பற்றி அவரே ஒரு பாட்டு கட்டினார். அப்போது போனில் எடுத்து வைத்திருந்த படங்களைச் சேர்த்து நான்தான் எடிட் செய்தேன். தாளத்துக்குத் தாளம் மின்னல், ஓரத்தில் நெருப்பு, புகைபோக்கியில் கூடுதல் புகை. தண்ணீரையும் நல்ல கருப்பாக்கினேன். ரொம்ப சூப்பரா இருக்குன்னு நினைச்சேன்.

மாமா பார்த்துவிட்டு, "இன்னா பாப்பா, கருப்பா இருந்த தண்ணிய இன்னும் கருப்பாக்கிக்கினு வந்துருக்க? இத்த பாத்தா மத்ததும் கப்சான்னு சொல்லிருவாங்க" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. புகையில் பாதி நிஜப் புகைதான், ஆனால் எது நிஜம் என்று எனக்கே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அப்புறம் எங்கள் மிஸ் 'சென்னை புறம்போக்கு பாடல்' பார்க்கச் சொன்னார்கள். 2017 ஜனவரியில் வந்தது. கபேர் வாசுகி நம்ம மெட்ராஸ் பாஷையில் எழுத, டி.எம்.கிருஷ்ணா கர்நாடக ராகத்தில் பாடியிருக்கிறார். இயக்கியவர் ரதீந்திரன் பிரசாத். எண்ணூருக்கே போய் எடுத்திருக்கிறார்கள். பின்னால் தெரியும் புகைபோக்கி அங்கே நிற்கிற புகைபோக்கிதான். அதன் மேல் மின்னல் விட்டிருந்தால் யார் நம்புவார்கள்? முக்காபுலாவில் நாம் ஏமாறத்தான் உட்காருகிறோம், அது வேறு.

நான் எல்லாவற்றையும் எடுத்துவிட்டேன். ஸ்லோ மோஷனும் போச்சு. (அதற்கு நொடிக்கு 60 படம் வருகிற மாதிரி எடுத்திருக்க வேண்டும். 30-ல் எடுத்ததை இழுத்தால் திக்கித் திக்கி ஓடும்.) காற்றில் மாமா குரல் அமுங்கிய இடத்தில் எழுத்து மட்டும் போட்டேன்.

ஒரே ஒரு எஃபெக்ட் வைத்தேன். தாத்தா கழிமுகக் கரையில் வலையோடு நிற்கும் பழைய போட்டோ எங்களிடம் இருக்கிறது. அதே இடத்தில் மாமாவை நிற்க வைத்து எடுத்து, தாத்தா மெதுவாகக் கரைந்து மாமா வருகிற மாதிரி செய்தேன். மூணே நொடிதான். கரை ஒன்றாகப் பொருந்துவதற்கு நாலு தடவை போய் எடுக்க வேண்டியிருந்தது.

பார்க்க வேண்டும் என்கிறவர்கள் மத்தியானம் கம்ப்யூட்டர் ரூமுக்கு வாருங்கள். மிஸ் போட்டுக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

— 9-ஆம் வகுப்பு மாணவி