மூளைப் படங்களும் அந்தரங்கப் பாதுகாப்பும்

மண்டையோட்டைத் திறவாமலே மூளையின் அமைப்பை அறிய உதவும் சாதனங்களுள் தலையாயது எம்.ஆர்.ஐ. எனப்படும் காந்த அதிர்வுப் பட முறையாகும். மறதி நோய், நடுக்குவாதம் முதலியன வெளிப்படுமுன் மூளையில் எத்தகைய மாறுதல்கள் நிகழ்கின்றன என்பதை அறிய ஒரு சிலருடைய படங்கள் போதா. பல்லாயிரவர் படங்கள் வேண்டும். பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை சுமார் 5 லட்சம் பேரைப் பதிவு செய்துகொண்ட 'யு.கே. பயோபாங்க்' நிலையம், 2014-ஆம் ஆண்டில் படமெடுக்கும் பணியைத் தொடங்கி, 2025-ஆம் ஆண்டில் ஒரு லட்சம் பேர் என்ற இலக்கை எட்டியது. நம் நாட்டிலும் பெங்களூர் மூளை ஆராய்ச்சி மையம், கோலார் மாவட்டத்துச் சீனிவாசபுர வட்டாரக் கிராம மக்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராயும் பணியை மேற்கொண்டுள்ளது.

இவற்றில் பங்கு கொள்வோர் பெரும்பாலும் தம் சொந்தப் பயன் கருதி வருபவரல்லர். பிறர் நன்மைக்காகவே தம் உடலின் விவரங்களை ஒப்படைக்கின்றனர். அவற்றைக் காப்பது ஆராய்ச்சியாளரின் முதற் கடமையாகும்.

பெயரை நீக்கினால் போதுமா?

ஒவ்வொரு படத்துடனும் பெயர், பிறந்த தேதி, மருத்துவமனை எண் ஆகியவை சேர்ந்தே பதிவாகின்றன. இவற்றை நீக்கி ஒரு குறியீட்டு எண்ணை இட்டு, எண்ணையும் பெயரையும் இணைக்கும் பட்டியலைத் தனியே பூட்டி வைப்பது வழக்கம். இதுவே போதுமானதென நெடுங்காலம் கருதப்பட்டது.

ஆனால் படத்தில் மூளை மட்டும் பதிவாவதில்லை. மூக்கு, கன்னம், மோவாய் ஆகியவையும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நுட்பத்துடன் பதிவாகின்றன. கணிப்பொறியைக் கொண்டு அவற்றிலிருந்து முகத்தை உருவாக்கிவிடலாம். அமெரிக்காவிலுள்ள மேயோ கிளினிக் விஞ்ஞானிகள் 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், முன்னரே தலைப் படம் எடுத்துக்கொண்டிருந்த 84 தொண்டர்களின் புகைப்படங்களை இவ்வாறு உருவாக்கிய முகங்களுடன் ஒப்பிட்டனர். முகமறியும் கணிப்பொறி முறை 70 பேரை முதல் முயற்சியிலேயே சரியாக இனங்கண்டது. 84 பேருள் ஒருவரைத் தேடுவதும் கோடிக்கணக்கானோருள் தேடுவதும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் முகம் தெரிந்துவிட்டால், அப்படத்துடன் சேர்ந்துள்ள நோய் விவரமும் வெளியாகிவிடும்.

முகத்தை மறைக்கும் முறைகள்

இதற்கு மூன்று பரிகாரங்கள் உள்ளன. முகப்பகுதியை மட்டும் அழித்துவிடுவது ஒன்று. மூளையைத் தவிர மற்றனைத்தையும் நீக்குவது மற்றொன்று. பலருடைய முகங்களின் சராசரி முகத்தை அவ்விடத்தில் பொருத்துவது மூன்றாவது. சிறிது கூடுதலாக வெட்டினால் மூளையின் முன்பகுதி சிதையும். குறைவாக வெட்டினால் முகம் எஞ்சும். ஆகவே இயந்திரம் செய்த வேலையை மனிதக் கண் ஒருமுறை சரிபார்த்தல் நலம்.

கைரேகை போன்ற மூளை

முகத்தை முற்றிலும் நீக்கினும் பிரச்னை தீர்வதில்லை. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் பாங்கு ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. யேல் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர் 2015-ஆம் ஆண்டில் 126 பேரின் படங்களை ஆராய்ந்து, ஓய்வு நிலையில் ஒரு நாள் எடுத்த படத்தைக்கொண்டு மறுநாள் படத்திற்குரியவரை 100-க்கு 90-க்கு மேற்பட்ட தடவைகளில் சரியாகக் கண்டுபிடித்தனர். ஒப்பிட முன்னைய படம் ஒன்று கையிலிருந்தால்தான் இது இயலும்.

வயது, ஊர், அரிய நோய், இரட்டைப் பிறவி என்னும் செய்திகளும் சேர்ந்து ஒருவரைக் காட்டிக் கொடுக்கலாம். அதனாலேயே இரட்டையரும் உடன்பிறந்தாரும் பலராகப் பங்கு கொண்ட அமெரிக்க 'மனித கனெக்டோம் திட்டம்' குடும்ப உறவு, சரியான வயது ஆகியவற்றை உறுதிமொழி அளித்தவர்க்கே வழங்குகிறது. 2009-இல் தோன்றிய 'எனிக்மா' கூட்டமைப்பில் பல நிலையங்கள் தம் படங்களைத் தாமே ஆராய்ந்து, தொகுத்த முடிவுகளை மட்டும் அனுப்புகின்றன.

ஊழியரும் ஆசிரியரும் செய்யத்தக்கது

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகள், பங்கு கொள்வோரின் அந்தரங்கத்தைக் காக்கவும் அவர்கள் அறிந்து இசைவளிப்பதை உறுதி செய்யவும் வற்புறுத்துகின்றன. இவற்றை நடைமுறையில் கொணர்பவர் கிராம ஊழியரே.

"என் படத்தை யார் பார்ப்பார்கள்?" என்று ஒரு குடியானவர் கேட்டால், "யாருக்கும் என்றுமே தெரியாது" என உறுதி கூறலாகாது. பெயர் நீக்கப்படும், முகம் மறைக்கப்படும், அபாயம் சிறிதே ஆயினும் அறவே இல்லையென்பதற்கில்லை, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், ஆனால் பிற நிலையங்களுக்கு ஏற்கெனவே சென்ற விவரங்களைத் திரும்பப் பெறுவது கடினம் என்று உள்ளவாறே சொல்ல வேண்டும். பெயர்ப் பட்டியலைப் பள்ளி மேசையிலோ தேநீர்க் கடையிலோ விட்டுச் செல்லலாகாது. கூட்டம் கூட்டி உதவும் ஆசிரியர், வந்தவர் யார், வாராதவர் யார் என்று பிறரிடம் உரைத்தலும் தவறாகும்.

ஒரு கிராமத்தில் ஒருவருடைய நோய் ஊர்ப் பேச்சானால், அடுத்த ஆண்டு அவ்வீட்டுக் கதவு திறவாது. அண்டை வீட்டுக் கதவும் திறவாது. பல ஆண்டு உழைப்பு அத்துடன் நின்றுவிடும். எனவே மக்கள் வைத்த நம்பிக்கையைக் காப்பது அறத்திற்கு மட்டுமன்றி விஞ்ஞானத்திற்கும் இன்றியமையாததாகும்.