புளிக்காத எலுமிச்சை, இனிக்காத தேன்

மாணவர்களே, சீனப் புத்தாண்டு முடிந்த வாரத்தில் உங்கள் வகுப்பறை எப்படி மணக்கும்? மேசைக்கு மேசை மண்டரின் ஆரஞ்சுத் தோல் கிடக்கும். யாராவது ஒருவர் தோலை மடக்கிப் பக்கத்து நண்பனின் கண்ணருகே பீய்ச்சி விளையாடுவார். அந்தத் தோலைக் குப்பையில் போடுவதற்கு முன் ஒரு கேள்வி. பழத்தைச் சாப்பிடும்போது நாக்கு உணர்வது இனிப்பும் புளிப்பும். மூக்கு உணர்வதோ ஆரஞ்சு மணம். இவ்விரண்டையும் தனித்தனியே பிரிக்க முடியுமா?

முடியும். உங்கள் அறிவியல் கூடத்தில் உள்ள காய்ச்சி வடிக்கும் கருவியே அதற்குப் போதும்.

மணம் எங்கே இருக்கிறது?

ஆரஞ்சுத் தோலை வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். சிறு சிறு புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. தோலை மடக்கும்போது அவை உடைந்து எண்ணெய் தெறிக்கிறது. ஆரஞ்சுத் தோல் எண்ணெயில் 90 விழுக்காட்டுக்கு மேல் லிமோனின் என்ற ஒரே சேர்மம்தான். அதன் ஒரு மூலக்கூறில் 10 கார்பன் அணுக்களும் 16 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. பல பூச்சிகளுக்கு இது பிடிக்காது. நமக்கு மணமாக இருப்பது மரத்துக்குப் பாதுகாப்புக் கவசம்.

புளிப்பைத் தருவது சிட்ரிக் அமிலம். அது சாற்றில் இருக்கிறது.

குடுவையில் என்ன நடந்தது?

என் மாணவர்களோடு ஒருநாள் இதைச் சோதித்துப் பார்த்தேன். குடுவையில் நீர் ஊற்றி, நறுக்கிய மண்டரின் தோல், கஸ்தூரி எலுமிச்சைச் சாறு, இரண்டு கரண்டி தேன் ஆகியவற்றைச் சேர்த்துச் சூடாக்கினோம். ஆவி குளிர்விப்பான் வழியாகச் சென்று மறுமுனையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது. வடிந்த நீர் கலங்கலாக இருந்தது. சற்று நேரத்தில் அதன் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் மிதந்தது. லிமோனினின் அடர்த்தி நீரைவிடக் குறைவு. அறை முழுவதும் ஆரஞ்சு மணம்.

பிறகு சோதனைகளைச் செய்தோம். வடிநீரில் நீல லிட்மஸ் தாளை நனைத்தோம். அது சிவக்கவில்லை. பெனடிக்ட் கரைசல் விட்டு வெந்நீரில் வைத்தோம். நீலம் நீலமாகவே இருந்தது. அதாவது புளிப்பும் இல்லை, சர்க்கரையும் இல்லை. குடுவையில் எஞ்சிய கரைசலைச் சோதித்தபோது லிட்மஸ் சிவந்தது. பெனடிக்ட் கரைசல் செங்கல் நிறத்துக்கு மாறியது.

காரணம் எளிது. தேனில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரைதான்; பெரும்பகுதி பிரக்டோஸும் குளுக்கோஸும். இவை ஆவியாவதில்லை. மேலும் மேலும் சூடாக்கினால் பழுப்பாகிக் கருகிப் போகும். சிட்ரிக் அமிலமும் அப்படியே, ஆவியாகும் முன் சிதைந்துவிடும். மணம் தரும் மூலக்கூறுகள் மட்டுமே ஆவியோடு ஏறிச் செல்கின்றன. மூக்கை எட்டவேண்டும் என்றால் ஆவியாகித்தானே தீரவேண்டும்!

ஒரு மாணவி கேட்ட கேள்வி

வெப்பமானியைக் கவனித்துக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், லிமோனின் 176 பாகையிலதான் கொதிக்கும்னு சொன்னீங்க. இங்க 100 கூட ஆகலையே, எண்ணெய் எப்படி வந்துச்சு?"

நல்ல கேள்வி. ஒரு திரவத்தின் ஆவி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்துக்குச் சமமாகும்போது அது கொதிக்கிறது. வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 101 கிலோபாஸ்கல். நீரும் எண்ணெயும் ஒன்றோடொன்று கலப்பதில்லை. ஆகவே, ஒன்று இருப்பதைப் பொருட்படுத்தாமல் மற்றொன்று தன் ஆவி அழுத்தத்தை முழுமையாகக் கொடுக்கிறது. 98 பாகையை நெருங்கும்போது நீர் ஏறக்குறைய 94 கிலோபாஸ்கல் கொடுக்கிறது. குறையும் 7 கிலோபாஸ்கலை லிமோனின் கொடுத்துவிடுகிறது. கூட்டுத்தொகை 101. கலவை கொதிக்கத் தொடங்கிவிடும்.

நின்றுபோன காரை ஒருவர் தள்ளினால் நகரவில்லை. இன்னொருவர் வந்து சிறிது கைகொடுத்தாலே நகர்ந்துவிடுகிறது. அதுபோலத்தான். 176 பாகைக்குச் சூடாக்கினால் சிதைந்துவிடக்கூடிய மென்மையான மணங்களையும் இந்த நீராவி வடித்தல் முறை காப்பாற்றித் தருகிறது. வாசனைத் திரவியங்களுக்கும் தைலங்களுக்கும் வேண்டிய பல எண்ணெய்கள் இப்படித்தான் கிடைக்கின்றன.

ஜின் பாட்டிலின் வேதியியல்

பெரியவர்கள் அருந்தும் ஜின் என்ற மதுவும் இதே அறிவியலில் பிறந்ததுதான். எத்தனாலும் நீரும் கலந்த கரைசலில் ஜூனிப்பர் என்ற ஊசியிலைச் செடியின் காய்களைப் போட்டு வடிக்கிறார்கள். பழம்போல் தோன்றும் அவை உண்மையில் விதைக்கூம்புகள். பைன் மரத்தில் உள்ள பைனீன் என்ற மணப்பொருள் அவற்றிலும் உண்டு. கூடவே கொத்துமல்லி விதையும் எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களும் சேரும். நம் சமையலறைக் கொத்துமல்லி விதையின் மணத்துக்குக் காரணமான லினலூல் அங்கேயும் வேலை செய்கிறது.

சில ஜின் பாட்டில்களின் மேல் 'எலுமிச்சை, தேன்' என்று எழுதியிருப்பார்கள். எலுமிச்சைத் தோலைப் போட்டு வடித்த ஜின் புளிக்காது. தேனைப் போட்டு வடித்தால் அதன் பூமணத்தில் கொஞ்சம் வரலாம், இனிப்பு வராது. இனிப்பு வேண்டுமானால் வடித்த பிறகுதான் தேனைக் கலக்கவேண்டும். ஐரோப்பிய விதிப்படி 'லண்டன் ஜின்' என்று பெயரிட்டால் ஒரு லிட்டரில் 0.1 கிராமுக்கு மேல் சர்க்கரை சேர்க்கக்கூடாது. இனி அத்தகைய பெயரைப் பார்த்தால், உள்ளே எது இருக்காது என்று உங்களால் சொல்லிவிட முடியும்.

மணத்தை நம்பலாமா?

இங்கே முக்கியமான ஓர் எச்சரிக்கை. வடிகலன், பொருள் ஆவியாகுமா ஆகாதா என்பதை வைத்துத்தான் பிரிக்கும். நல்லது கெட்டது அதற்குத் தெரியாது. எத்தனால் 78 பாகையில் கொதிக்கும். அதன் உறவுக்காரனான மெத்தனால் 65 பாகையிலேயே கொதிக்கும். இரண்டும் நிறமற்றவை. மதுவில் கலந்துவிட்டால் மணத்தையோ சுவையையோ கொண்டு மெத்தனாலைக் கண்டுபிடிக்க முடியாது.

மெத்தனாலை நம் கல்லீரல் முதலில் பார்மால்டிஹைடாகவும் பிறகு பார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. எறும்பு கடித்தால் எரிகிறதே, சில எறும்புகளிடம் உள்ள அதே அமிலம்தான். அது கண்ணிலிருந்து மூளைக்குச் செல்லும் நரம்பைத் தாக்கும். 10 மில்லிலிட்டர் அளவு மெத்தனால்கூடப் பார்வையைப் பறித்துவிடலாம். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் மெத்தனால் கலந்த மலிவு மதுவைக் குடித்துப் பலர் உயிரிழந்தனர். அதற்கும் முன்னால், 'சம்சு' என்ற மலிவுச் சாராயம் நம் தோட்டப்புறங்களில் எத்தனை குடும்பங்களைச் சிதைத்தது என்று உங்கள் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்.

எனவே சாராயத்தைக் காய்ச்சுவதோ வடிப்பதோ உங்கள் வேலையன்று. அது சட்டப்படியும் குற்றம்.

வீட்டில் செய்து பாருங்கள்

பாதுகாப்பான ஒன்றை அம்மா அல்லது அப்பாவின் துணையோடு செய்யலாம். ஒரு பாத்திரத்தில் நீர், எலுமிச்சைத் தோல், சிறிது சாறு, ஒரு கரண்டி தேன் போட்டு மூடி, மிகச் சிறிய தீயில் வையுங்கள். நீர் தளதளவென்று கொதித்தால் சாறும் மூடியில் தெறித்துவிடும், கவனம். ஐந்து நிமிடம் கழித்து அடுப்பை அணைத்து, ஆறிய பிறகு மூடியின் உட்புறத்தில் உள்ள துளிகளைக் கரண்டியில் சேகரியுங்கள். முதலில் முகர்ந்து பாருங்கள். பிறகு நாவில் வையுங்கள்.

மூக்கு எலுமிச்சை என்று சொல்லும். நாக்கு வெறும் தண்ணீர் என்று சொல்லும். ஏன் என்று வீட்டில் உள்ளவர்களுக்கு நீங்கள் விளக்குங்கள்.