கொல்லாமையும் தற்காப்பும்

நுழையும்முன்

உயிர்க்கொலை தீது என்பதைச் சமயங்கள் பலவும் தம் அடிப்படை அறமாகக் கொண்டுள்ளன. ஆனால், கொல்ல வருபவன் வாசலில் நிற்கும்போது அவ்வறம் என்ன சொல்கிறது? தன்னையும் தன்னைச் சார்ந்தோரையும் காத்துக்கொள்ள ஓங்கும் கை, அறத்தை மீறிய கையா? இவ்வினாவுக்குத் திருச்சுழி மண்ணில் பிறந்த துறவி ஒருவர் தம் வாழ்வால் அளித்த விடையையும், சமயநூல்களும் சட்டமும் அளிக்கும் விடைகளையும் இப்பாடம் ஆராய்கிறது.

கரிசல் மண்ணில் கொல்லாமை

மதுரைக்குத் தெற்கே அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அமைந்துள்ள நிலப்பகுதி வானம் பார்த்த பூமியாகும். பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் இந்நிலத்தில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு சமணம் செழித்திருந்தது. ஆவியூரை அடுத்த குறண்டியில் திருக்காட்டாம்பள்ளி என்னும் சமணப்பள்ளி இருந்தது. குறண்டியைச் சேர்ந்த துறவியரின் பெயர்கள் மதுரைச் சமணர் மலைக் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. அருப்புக்கோட்டைக்கு அருகிலுள்ள கோவிலாங்குளத்திலும் தீர்த்தங்கரர் திருவுருவங்கள் உள்ளன.

கொல்லாமையைத் தலையாய நோன்பாகக் கொண்ட சமயம் சமணம். எனினும், அந்நோன்பை அது எல்லார்க்கும் ஒரே அளவில் விதிக்கவில்லை. துறவியர் ஏற்பது மகாவிரதம். அதில் விலக்கு எதுவும் இல்லை. இல்லறத்தார் ஏற்பது அணுவிரதம். அது அவர்தம் வாழ்க்கைக்கு ஏற்ற அளவுடையது. இவ்வேறுபாட்டை விளக்கச் சமண அறநூலார் உயிர்க்கு இழைக்கும் தீங்கினை நான்காகப் பகுப்பர். கொல்ல வேண்டும் என்று கருதியே செய்வது ஒன்று. அடுப்பு எரித்தல், வீடு பெருக்கல் போன்ற இல்லப் பணிகளில் நேர்வது மற்றொன்று. உழவு முதலிய தொழில்களில் நேர்வது மூன்றாவது. தாக்க வருபவனை எதிர்க்கும்போது நேர்வது நான்காவது.

இந்நான்கனுள் கருதிச் செய்யும் தீங்கை இல்லறத்தான் முற்றிலும் விலக்க வேண்டும். ஏனைய மூன்றையும் அவனால் முற்றிலும் விலக்க இயலாது. இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். ஏர் பூட்டி உழும்போது கொழுமுனையில் மண்புழு மடிகிறது. உழவன் புழுவைக் கொல்ல உழவில்லை. உயிர்களுக்கு உணவளிக்க உழுகிறான். தற்காப்பையும் சமணம் இந்த வரிசையிலேயே வைத்தது. அது புகழத்தக்க செயல் என்று கூறவில்லை. தவிர்க்க முடியாத தீங்கு என்றே கூறியது. இச்சொல்லாட்சி கருதத்தக்கது. தற்காப்பில் ஓர் உயிர் போனாலும் அது போன உயிரே. அதற்காக வருந்தும் நெஞ்சம் வேண்டும் என்பது இதன் உட்பொருள்.

நள்ளிரவில் ஒரு சோதனை

மகாவிரதம் ஏற்றவர் மீது அடி விழும்போது என்ன நிகழும்? இதற்குச் சான்றாக அமைவது, சைவ மரபில் தோன்றிய இரமண மகரிஷியின் வாழ்வில் நடந்த நிகழ்ச்சியாகும். அவர் 1879ஆம் ஆண்டு திசம்பர் 30ஆம் நாள் திருச்சுழியில் பிறந்தார். வேங்கடராமன் என்பது இயற்பெயர். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்த அவர், தம் வாழ்நாளின் இறுதிவரை அங்கிருந்து நீங்கவில்லை.

1924ஆம் ஆண்டு சூன் 26ஆம் நாள் நள்ளிரவு நெருங்கிய வேளையில் மலையடிவாரத்து ஆசிரமத்தில் திருடர் புகுந்தனர். அக்காலத்தில் ஆசிரமம் சில குடில்களே கொண்டது. திருடுவதற்கு அங்குப் பொருள் ஏதுமில்லை. சன்னல்களை உடைத்து அச்சுறுத்திய திருடரிடம், கதவு திறந்தே உள்ளது, வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்று இரமணர் தெரிவித்தார். பின்னர் உடனிருந்தோரை வெளியே அழைத்துச் சென்றார். ஆசிரமத்தில் இருந்த நாயும் அடிபடாமல் காக்கப்பட வேண்டும் என்பதில் கருத்தாக இருந்தார். வெளியே வந்தவர்களைத் திருடர் கோலால் தாக்கினர். இரமணரின் இடத்தொடையிலும் ஓர் அடி விழுந்தது. மனநிறைவு இல்லையெனில் மற்றக் காலிலும் அடிக்கலாம் என்று அவர் அமைதியாகக் கூறினார்.

இதைக் கண்டு பொறாத அன்பர் ஒருவர் இரும்புக் கம்பியுடன் திருடரை எதிர்க்கப் புறப்பட்டார். இரமணர் அவரைத் தடுத்தார். தாம் அனைவரும் சாதுக்கள் என்பதையும், சாதுக்கள் தம் தருமத்தைக் கைவிடலாகாது என்பதையும் நினைவூட்டினார். பற்கள் தவறி நாக்கைக் கடித்துவிட்டால் அதற்காகப் பற்களை யாரேனும் உடைப்பரோ என்றும் வினவினார். திருடர் கையில் அகப்பட்டவை சிறு பொருள்களே.

இந்நிகழ்ச்சியில் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, இரமணர் திருப்பி அடிப்பதை மறுத்தாரே தவிர, உயிர்களைக் காப்பதை மறுக்கவில்லை. பொருளை விட்டுக்கொடுத்தார்; மனிதரையும் நாயையும் இடர்நீங்கச் செய்தார். இரண்டாவது, அவர் எடுத்துக்காட்டியது சாதுக்களின் தருமத்தை. துறவு பூண்டவர்க்குரிய அறத்தின்மேல் நின்றே அவர் அன்பரைத் தடுத்தார்.

வள்ளுவரின் வைப்புமுறை

திருக்குறளும் இவ்வேறுபாட்டை உணர்ந்து அமைந்துள்ளது. கொல்லாமை என்னும் 33ஆவது அதிகாரம் துறவறவியலில் இடம்பெறுகிறது. தன்னுயிரே நீங்குவதாயினும் பிற உயிரை நீக்கும் செயலைச் செய்யலாகாது என்னும் கடுமையான கருத்து அவ்வதிகாரத்தின் 327ஆவது குறளில் உள்ளது. ஆனால், பொருட்பாலில் செங்கோன்மை பற்றிப் பேசும் 550ஆவது குறள், கொடியவரைக் கொலைத்தண்டனையால் ஒறுக்கும் அரசனின் செயலை உழவன் களையெடுப்பதற்கு ஒப்பிடுகிறது.

இவை ஒன்றையொன்று மறுப்பன அல்ல. துறவி தன் ஓர் உயிரைப் பற்றியே முடிவெடுக்கிறான். அதனை ஈந்துவிட அவனுக்கு உரிமை உண்டு. அரசனோ குடிகளின் உயிர்க்குப் பொறுப்பாளன். பிறர் உயிரை ஈந்துவிட்டு அருளாளன் என்று பெயர்பெற அவனால் இயலாது.

பிற சமயங்களின் விடை

கொலை செய்யற்க என்பது யூதரும் கிறித்தவரும் போற்றும் பத்துக் கட்டளைகளுள் ஒன்று. அக்கட்டளையைக் கொண்ட யாத்திராகமமே தன் 22ஆம் அதிகாரத்தில், இரவில் வீட்டை உடைத்துப் புகும் திருடன் அடிபட்டு இறந்தால் அடித்தவன்மீது கொலைப்பழி இல்லை என்கிறது. பொழுது விடிந்த பின் நேர்ந்தால் பழி உண்டு என்றும் அது வரையறுக்கிறது. வந்தவனின் நோக்கத்தை இருளில் அறிய இயலாது; உதவிக்கு ஆளும் இராது. பகலில் வேறு வழிகள் உண்டு. இயேசுவோ தம் மலைப்பொழிவில், ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தையும் காட்டுமாறு போதித்தார். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்குவினாஸ், தன்னைக் காப்பதே நோக்கமாக இருந்து, தேவைக்கு மிகுந்த வன்மையைக் கையாளாத நிலையில் தற்காப்பு குற்றமாகாது என்று விளக்கினார்.

திருக்குர்ஆன் தம்மோடு போரிடுபவரோடு போரிட இசைவளிக்கிறது. அதே வசனத்தில் வரம்பு மீறலாகாது என்றும் ஆணையிடுகிறது. தீமைக்கு ஈடாகும் அளவே பதில் உண்டு என்று கூறி, மன்னிப்பவர்க்கு இறைவனிடம் கைம்மாறு உண்டு என்றும் அறிவிக்கிறது. பௌத்தத் துறவியர்க்குரிய விநய நூல் கருதிச் செய்யும் மனிதக் கொலையை மிகக் கொடிய குற்றமாகக் கொண்டு, செய்தவரைச் சங்கத்திலிருந்து நீக்குகிறது. எனினும், தாக்குண்ட துறவி தப்பிக்கும் எண்ணத்தோடு மட்டும் அடித்திருந்தால் அந்த அடியைக் குற்றமாகக் கொள்வதில்லை. மனுநூலும் கொல்ல வரும் கொடியவனைத் தடுத்துக் கொல்வது குற்றமன்று என்கிறது.

சட்டம் காட்டும் எல்லை

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860ஆம் ஆண்டிலேயே தற்காப்பை உரிமையாக ஏற்றது. 2024ஆம் ஆண்டு சூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இவ்வுரிமையை வரையறுக்கிறது. தன் உடலை மட்டுமன்றிப் பிறர் உடலையும் காக்க உரிமை உண்டு. காப்பதற்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்யலாகாது. காவல்துறை போன்ற பொது அதிகாரிகளின் உதவியை நாடக் காலம் இருந்தால் இவ்வுரிமை எழாது. இரவில் வீட்டை உடைத்துப் புகுவோரை எதிர்க்கும்போது இவ்வுரிமை, மேற்கூறிய வரம்புகளுக்கு உட்பட்டு, உயிரிழப்பு வரை நீளலாம். இரவு என்பதைச் சட்டமும் பழைய மறைநூலைப் போலவே தனித்துக் காட்டுவது குறிப்பிடத்தக்கது.

1924ஆம் ஆண்டின் அந்த இரவில் இவ்வுரிமை சட்டத்தில் இருந்தது. இருந்தும் இரமணர் அதனைக் கையில் எடுக்கவில்லை. உரிமை இருப்பது வேறு. அதனைப் பயன்படுத்தியே தீரவேண்டும் என்பது வேறு.

அச்சமா, அருளா?

அடிப்பவனைப் பொறுத்துக்கொள்வது கொடியவனுக்கு ஊக்கம் தராதா என்னும் ஐயம் எழலாம். இவ்வையத்தைக் காந்தியடிகளும் எதிர்கொண்டார். கோழைத்தனம், வன்முறை ஆகிய இரண்டுள் ஒன்றையே தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை வந்தால், தாம் வன்முறையையே பரிந்துரைப்பதாக 1920ஆம் ஆண்டில் அவர் எழுதினார். அகிம்சை வன்முறையினும் பன்மடங்கு உயர்ந்தது என்பதையும் அங்கேயே வலியுறுத்தினார். எதிர்க்க இயலாமல் ஒடுங்குவது அகிம்சை ஆகாது. அஞ்சாமல் நின்று அடியை ஏற்பதே அகிம்சை என்பது அவர்தம் கருத்து.

சமயங்களின் விடைகளைத் தொகுத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கொல்லாமை அறத்தை அவை தளர்த்தவில்லை. அதனை யார், யாருக்காக, எந்நிலையில் கடைப்பிடிக்க வேண்டும் என்று வகுத்துள்ளன. தனக்கு வரும் அடியைத் தாங்கிக்கொள்வது அருளின் உச்சம். தன் கண்முன் ஒரு குழந்தைமீது விழவிருக்கும் அடியைத் தடுக்காமல் நிற்பதற்கு அப்பெயர் பொருந்தாது. தடுக்கும் கையும் தடுப்பதோடு நிற்க வேண்டும். தாக்கியவன் ஓடத் தொடங்கிய பின் விழும் அடி தற்காப்பு ஆகாது, அது பழிவாங்கலே. பெரும்பாலோர்க்கு அணுவிரதமே இயலும். மகாவிரதத்தை நோக்கமாகக் கொண்டவரிடமே அந்த அணுவிரதம் நேர்மையாக நிலைபெறும்.