சோயா நாற்றின் வேர் அழுகுவது ஏன்?

அமெரிக்காவின் இந்தியானா, ஒகையோ மாநிலங்களில் 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் முதன்முதலாகக் கவனிக்கப்பட்ட சோயா வேரழுகல் நோயை உண்டாக்கும் ஃபைட்டாப்தோரா சோஜே, தோற்றத்தில் பூஞ்சையை ஒத்திருப்பினும், வகைப்பாட்டில் பழுப்புப் பாசிகளுக்கே நெருங்கிய உறவுடையது. ஆகவே பூஞ்சைக்கொல்லிகள் பல இதனிடம் பயனற்றுப்போகின்றன. ஊஸ்போர் எனப்படும் இதன் தடித்த சுவருடைய உறங்கு வித்துகள், மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடிருந்து, ஈரம் மிகும்போது முளைத்து, வயலில் நீர் தேங்கியதும் நீந்தவல்ல நுண்வித்துகளை வெளிவிடுகின்றன. அவை வேரை எவ்வாறு கண்டடைகின்றன? வேர்முடிச்சுப் பாக்டீரியாக்களை ஈர்ப்பதற்காகச் சோயா வேர் கசியவிடும் டைட்ஸீன், ஜெனிஸ்டீன் ஆகிய வேதிப்பொருள்களே நோயுயிரிக்கும் வழிகாட்டுகின்றன. தழைச்சத்துக்காகச் செடி விடுக்கும் அழைப்பே அதற்குக் கேடாக முடிவது வருந்தத்தக்கது.

இதற்கு எதிராகப் பயிர்ப்பெருக்க அறிஞர்கள் முதலில் நாடியவை ஆர்.பி.எஸ். எனும் எதிர்ப்பு மரபணுக்கள். இவற்றுள் ஒவ்வொன்றும் நோயுயிரி சுரக்கும் குறிப்பிட்டதொரு புரதத்தை அடையாளங்கண்டு, தொற்றுற்ற செல்களை மடியச்செய்து பரவலைத் தடுக்கிறது. ஆனால் அப்புரதத்தை மாற்றிக்கொண்ட, அல்லது அறவே கைவிட்ட நோயுயிரி வகைகள் பெருகியதும் அக்காப்பு பயனிழக்கிறது. ஒரு மரபணு பெரும்பாலும் 8 முதல் 15 ஆண்டுகளே நிலைக்கிறது. சிறு விளைவுடைய பல மரபணுக்கள் சேர்ந்து தரும் பகுதி எதிர்ப்புத்திறன் நோயை முற்றிலும் தடுக்காமல் மெதுவாக்கினாலும், அதனை முறியடிப்பது நோயுயிரிக்கு அரிது என்பதால், நெடுங்கால நோக்கில் அதுவே நம்பத்தக்கது. எனினும் முதல் உண்மையிலை விரியும்வரை அது முழுமையாகச் செயற்படாதாகையால், அதுவரை நாற்றைக் காக்க மெட்டாலாக்சில் போன்ற மருந்தால் விதைநேர்த்தி செய்தல் இன்றியமையாதது.