மீன் வயது தெரிந்தவர்களுக்கு வாஷிங்டனில் வேலை

மீனின் காதுக்கல்லை நறுக்கி, நுண்ணோக்கியில் வளையங்களை எண்ணி வயது சொல்லத் தெரிந்த மாணவிக்கு ஒரு செனட்டரின் அலுவலகத்தில் என்ன வேலை? மீன்பிடிச் சட்டத் திருத்தம் விவாதத்துக்கு வருவதற்கு முந்தின நாள், செனட்டர் படிக்க ஒரு பக்கக் குறிப்பு எழுதித் தருவது. ஜான் க்னவுஸ் கடல் கொள்கை ஃபெலோஷிப் இப்படிப்பட்ட வேலைகளுக்குத்தான் ஆள் எடுக்கிறது.

1979-ல் தொடங்கிய திட்டம். ஒரு வருடம், உதவித்தொகையோடு, அமெரிக்கத் தலைநகரில் பணி. சிலர் காங்கிரஸ் அலுவலகங்களுக்குப் போவார்கள். பெரும்பாலோர், கடலையும் வானிலையையும் கவனிக்கும் 'நோவா' போன்ற அரசுத் துறைகளுக்கு. க்னவுஸ் கடலியலாளர், பல்கலைக்கழகங்களின் கடல் ஆய்வுக்கு அரசு உதவ 1966-ல் சட்டமான 'சீ கிராண்ட்' திட்டத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவர், பின்னாளில் நோவாவுக்கே தலைவர். ஆய்வுக்கூடம், அரசு இரண்டையும் பார்த்தவர் பெயரை வைத்தது பொருத்தம்தான்.

அமெரிக்கக் குடியுரிமை கட்டாயமில்லை. ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் முதுகலையோ முனைவர் பட்டமோ படிப்பவராக இருக்க வேண்டும். நம் ஊரிலிருந்து போய்ப் படிப்பவர்கள் விசா விதிகளை முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது. விண்ணப்பம் நேராக வாஷிங்டனுக்குப் போகாது. மாநில சீ கிராண்ட் அலுவலகம் வடிகட்டி அனுப்பும். அங்கிருப்பவர்களிடம் முன்கூட்டியே பேசுவதில் கூச்சம் வேண்டாம்; அதற்காகத்தான் இருக்கிறார்கள்.

பரிந்துரைக் கடிதம், மதிப்பெண் பட்டியல் எல்லாம் எல்லோரிடமும் இருக்கும். ஆளைக் காட்டுவது, தன் படிப்பையும் இலக்கையும் பற்றி எழுதும் அறிக்கைதான். பலர் இங்கே ஆய்வேட்டின் சுருக்கத்தை இறக்கிவைத்துவிடுகிறார்கள். 'இறால் பண்ணைக் கழிவுநீரில் நைட்ரஜன் அளவை ஆராய்ந்தேன்' என்பதோடு நின்றால் போதாது. அந்த அளவுக்கு வரம்பு வைப்பது யார், வைத்தால் யார் எதிர்ப்பார்கள், அந்தப் பேச்சில் உங்களுக்கு என்ன இடம் என்பதுவரை போக வேண்டும். கொள்கை அனுபவம் இல்லையே என்ற கவலை தேவையில்லை. மீனவர் கூட்டத்தில் உட்கார்ந்து ஏச்சு வாங்கிய அனுபவமே நல்ல சரக்கு.

இறுதிப் பட்டியலில் வந்தபின்னும் எந்த அலுவலகம் என்பது முடிவாகியிருக்காது. அதற்கென்று நேர்காணல்கள் அடுத்தடுத்து நடக்கும். நல்ல ஆள் வேண்டுமென்றால் அலுவலகங்களும் தங்கள் பெருமையைச் சொல்லியாக வேண்டும். அப்போது அசராமல் ஒரு கேள்வி கேட்கலாம்: போன வருட ஃபெலோ இங்கே கடைசியாகச் செய்த வேலை என்ன?