சொத்தைப் பல்லும் கொட்டைப் பாக்கும்

அண்மையில் வாழவந்திப் பக்கம் இல்லங்களைச் சந்திக்கச் சென்றபோது, காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் தாய் ஒருவர் வாயைத் திறந்து நம்மிடம் காட்டினார். காலையில் சேலத்தில் பல்லுக்கு வெள்ளி அடைத்துக்கொண்டு மலையேறியவர், மாலையிலேயே வழக்கம்போல் கொட்டைப் பாக்கைக் கடித்திருக்கிறார். அடைப்பு உடைந்து போயிற்று. மருத்துவர் எச்சரித்தாராம், பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் அது காதில் ஏறவில்லை. "சாமி, அடைக்கிறதெல்லாம் வீண் செலவு, பிடுங்கிப் போட்டால் தொல்லை விட்டது" என்றார். அவர் சொல் கேட்டு அண்டை வீட்டார் இருவரும் பல்லைப் பிடுங்க ஆயத்தமாயிருந்தனர். ஆகவே இதை எழுத நேர்ந்தது.

வெள்ளி அடைப்பில் ஏறத்தாழப் பாதி பாதரசம். எஞ்சியவை வெள்ளி, வெள்ளீயம், செம்பு. பிசைந்த மாவுபோல் குழியில் திணிக்கப்பட்டு, அங்கேயே மெல்ல இறுகுகிறது. முழு வலிமை பெற ஒரு நாள் வேண்டும். அதற்குள் பாக்கைக் கடித்தால் என்னாகும்? கடைவாய்ப் பல்லை முழு வலுவோடு கடிக்கும்போது 50 முதல் 70 கிலோ பாரம் அதன்மேல் இறங்கலாம். சோறு அப்பாரத்தைப் பரப்பிவிடும். பாக்கோ ஒரே புள்ளியில் குவிக்கும்.

நன்கு இறுகிய வெள்ளியும் செங்கல்லைப் போன்றதே: நசுக்கினால் தாங்கும், வளைத்தால் முறியும். மேலும் அது பல்லோடு ஒட்டுவதில்லை. வாய் குறுகி அடி அகன்ற குழியில் சிக்கி நிற்பதே அதன் பிடிமானம். குழி பெரிதானால், மெல்லுந்தோறும் விறகு பிளக்கும் ஆப்பைப்போல் பல்லின் சுவரைத் தள்ளும். சில ஆண்டுகளில் சுவரே பிளப்பதுண்டு.

வெண்ணிறப் பிசின் அடைப்பின் இயல்பு வேறு. அமிலத்தால் பல்லின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கிப் பிசினை ஒட்டலாமென்று 1955-இல் அமெரிக்க மருத்துவர் புவோனகோர் காட்டினார். இவ்வடைப்பு சுவர்களைத் தள்ளாமல் பிணைக்கிறது. ஆயினும் ஒளிபட்டு இறுகுகையில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்கிச் சுவர்களை உள்ளிழுக்கும். மருத்துவர் அடுக்கடுக்காக வைப்பது அதனால்தான். 'நேரம் கடத்துகிறார்' என்று முணுமுணுக்க வேண்டாம்! இங்கிலாந்தில் வில்சன், கென்ட் இருவரும் 1972-இல் வெளியிட்ட கண்ணாடிச் சிமெண்டு தானே பல்லோடு ஒட்டும், புளோரைடையும் கசியவிடும். மின்சாரமின்றிக் கைக்கருவிகளாலேயே சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு அடைக்கலாம். மெல்லும் பாரத்தைத் தாங்குவதில் மட்டும் அது மெலிந்தது.

பாதரசம் என்றதும் அஞ்சுவோர்க்கு ஒரு சொல். 15 வயதுக்குட்பட்டோர்க்கும், கருவுற்ற, பாலூட்டும் தாய்மார்க்கும் வெள்ளி அடைப்பைத் தவிர்க்க வேண்டுமென மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் 2022-இல் முடிவு செய்தன. உறுதியாக இருக்கும் பழைய அடைப்பை அதற்காகப் பெயர்த்தெடுக்கத் தேவையில்லை.

கி.பி. 249-இல் அலெக்சாந்திரியாவில் பற்கள் நொறுக்கப்பட்டு வேதசாட்சியான புனித அப்பொலோனியாவிடம் பல்வலிக்காக மன்றாடுவது நம் முன்னோர் வழக்கம். மன்றாடிய பின் மருத்துவரிடம் போவதை அவர் தடுக்கமாட்டார் என்று அத்தாயிடம் சொன்னோம். மறுவாரமே மீண்டும் அடைத்துக்கொண்டார். ஒரு நாள் முழுதும் கஞ்சியோடு இருந்தாராம். புற்றுநோய்க்கும் வழிகோலும் அந்தப் பாக்கை மட்டும் இன்னும் விட்டபாடில்லை; மறு பக்கத்தில் மெல்லுகிறார்.