மனைக்குள் ஒரு மலை

செல்போனில் வீடு கட்டி விளையாடும் பிள்ளைகள், குறுக்கே பாறை வந்தால் விரலால் நகர்த்திவிடுகிறார்கள். ஐதராபாத்தில் மனை வாங்கும் நம்மவர்களுக்கு அந்த வசதி கிடையாது!

மௌலாலி பக்கம் மனை வாங்கிய நண்பர், நடுவில் யானை படுத்ததுபோல் கிடந்த பாறையைக் காட்டி, "வெடி வைத்துவிடலாமா சார்?" என்றார். அடுத்த வீட்டுச் சுவர் விரிசல் விடுமே என்றேன். அவருக்குச் செலவுதான் கவலை.

இந்தக் கருங்கற்பாறைகளின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். எங்கிருந்தோ உருண்டு வந்தவை அல்ல. மண்ணுக்கடியில் வெடிப்புகளில் நீர் இறங்கி, முனைகள் சிதைந்து உருண்டையாகி, மேல்மண் அரித்துப்போனபின் இருந்த இடத்திலேயே வெளிப்பட்டவை. ஒன்றின்மேல் ஒன்றாக நிற்பதும் அதனால்தான்.

கோல்கொண்டா கோட்டையில் பல இடங்களில் பாறையை உடைக்காமல், இடைவெளியில் சுவர் எழுப்பி, பாறையையே மதிலாக்கியிருப்பதைக் காணலாம். பாறைகளைக் காக்க 1996ல் இந்நகரில் ஒரு சங்கமே தோன்றியது. பாறையை அணைத்துக் கட்டிய வீடுகளும் இங்கு உண்டு.

நண்பர் பிளானைத் திருத்திவிட்டார். ஹால் இரண்டடி குறைந்ததில் அவருக்கு வருத்தமே. பாறைமேல் வடாம் காயப்போட அவர் மனைவி இப்போதே இடம் பார்த்துவிட்டார்.